போகிற வழிக்கு

பால்சேனைக்கு இப்பால், தண்ணீர்க் குழாய்க்கு
கான் வெட்டிக்கொண்டிருந்தேன்.
பெக்கோவின் பல்லில் ஏதோ தட்டிற்று.
கல்லென்றால் கிறீச்சிடும், வேரென்றால் இழுபடும்,
இது வெறும் வயிறு போல ஒலித்தது.
இறங்கிப் பார்த்தேன்: தாழி.
வாயை மூடியிருந்த பலகைக்கல்லை
நான்தான் உடைத்திருக்கிறேன்.

பதினொரு நாள் வேலை நின்றது.
நாள் வாடகை யார் தருவதென்று
முதலாளி போனில் கத்திக்கொண்டேயிருந்தார்.
திணைக்களத்துப் பிள்ளைகள் வந்து
கயிறு கட்டிச் சதுரம் சதுரமாய்ப் பிரித்து
பல் தீட்டும் தூரிகையால் மண்ணைக் கூட்டினார்கள்.
எலும்பு எந்தப் பாசை பேசியதென்று
தேத்தண்ணிக் கடையில் இரண்டு கட்சி.
எலும்பு ஒன்றும் சொல்லவில்லை.

சும்மா இருக்கப் பிடிக்காமல்
அரிதட்டுப் பிடிக்கப் போனேன்.
ஒருத்தி வாசிக்க ஒருத்தன் எழுதினான்:
கறுப்புச் சிவப்புக் கிண்ணம் இரண்டு.
இரும்புக் கத்தி, துருவேறியது, ஒன்று.
சிவப்பு மணி ஏழு.
உமி ஒட்டிய ஓடு.
"உமியா?" என்றேன்.
"சோறு வைத்திருப்பார்கள், அண்ணன்.
போகிற வழிக்கு" என்றாள்,
ஓட்டின் உட்புறத்தில் வெள்ளை மையால்
4 என்று எழுதியபடி.
எத்தனை வருசம் என்று கேட்டதற்கு
இரண்டாயிரம் இருக்கும், கூடவும் இருக்கும் என்றாள்,
மீன் நிறுப்பவள் போல.

செத்தவன் தின்பானா என்று சிரிப்பு வந்தது.
பாதியில் நின்றது.

என் பெக்கோவின் நெற்றியில்
எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன.
தலையில் மஞ்சள் தொப்பி போட்ட பொறியியலாளர்
ராகுகாலம் பார்ப்பது போனில்.
அதுகூடப் பரவாயில்லை.

என் தங்கச்சி யசோதினி.
மச்சான் ஜெயரூபனை வயற்காவலில் யானை அடித்தது,
போன மாரிக்கு முந்தின மாரி.
உடலுக்கு முப்பது முழம் தள்ளி
நெல்லுக்குள் அவன் போன் கிடந்தது,
டோர்ச் அணையாமல்.
அந்த வெளிச்சம் இல்லையென்றால்
விடியும்வரை தேடியிருப்போம்.

ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி
சந்திக் கடையில் அவன் நம்பருக்கு
நூறு ரூபாய் ரீலோட் போடுகிறாள்.
நம்பர் செத்துப்போகக் கூடாதாம்.
இரவில் சார்ஜில் போட்டு
சாமித்தட்டின் கீழே வைக்கிறாள்.
கண்ணகை அம்மனின் விளக்கு ஒரு பக்கம்,
பச்சைப் புள்ளி ஒரு பக்கம்.
கடைக்காரப் பொடியனுக்குத் தெரியும், அவன் கேட்பதில்லை.
நான் ஒருநாள் கேட்டேன்.
"அவர் எடுக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதா?
மணியும் அடிக்காட்டி மறுகா என்ன இருக்கு?"

அந்த ஏழு மணியில் ஆறு புதிது.
ஒன்று மட்டும் துளை தேய்ந்து,
வியர்வையில் கிடந்த பளபளப்போடு.
யாருடைய கழுத்திலிருந்தோ
கடைசி நேரத்தில் கழற்றிப் போட்டது.
இது என் எண்ணம்தான்.
அவர்கள் ஏழு என்று மட்டும் எழுதினார்கள்.

பன்னிரண்டாம் நாள் பெட்டியில் அடைத்து
கொழும்புக்கு ஏற்றினார்கள்.
கான் மூன்று அடி கிழக்கே விலகியது.
முதலாளி பூசாரியைக் கூட்டிவந்தார்,
கர்ப்பூரம், புது எலுமிச்சம்பழம்.
பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிக்
கண்ணை மூடினார், அவசரமாய்.

குழாய் புதைத்து மண் மூடிய அன்று
மேட்டில் இருந்துகொண்டு
மச்சானின் நம்பரை அழுத்தினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
நாலு மணி அடித்தது. ஐந்தாவதில் எடுபட்டது.
திரையில் என் பெயர் விழுந்திருக்கும், ஆனாலும்
"ஆரு?" என்றாள்.
மூச்சுக் கேட்டது, அவளுடையதோ என்னுடையதோ.
எனக்கு வேறொன்றும் வரவில்லை.
"குழாயில தண்ணி வந்துட்டா?"
"இன்னும் இல்ல, அண்ணன்.
திறந்தா
காத்துத்தான் வருகுது."