ஜனவரி வெள்ளி

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
திரும்பவில்லை இன்னும்.
ட்ரோம்சோ கடைத்தெருவில் நண்பகலுக்கு
நீலம் கலந்த பால் போல ஒரு வெளிச்சம்,
அதுவும் இரண்டு மணி நேரம்.
அந்த வெளிச்சத்தில் போய்
உலோகம் வாங்குகிறேன்.

யூஸ்டைன் கடையில் வெள்ளி மட்டும் பதினொரு வகை.
ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பார்க்கிறேன்,
உள்ளே குண்டு உருள்கிறது.
எந்தப் படைக்கு என்றான்.
முப்பத்தாறு ஈட்டிக்காரர்கள், ஒரு தலைவன், ஒரு முரசு;
ஆள் ஒருவன் என் கட்டைவிரலின் முதல் கணு உயரம்.
"வெள்ளி வேண்டாம்.
கல்யாணத்துக்குக் கிளம்பினவர்கள் மாதிரி இருப்பார்கள்."
துப்பாக்கிக் குழல் நிறத்தில் ஒரு குப்பி எடுத்துக் கொடுத்தான்.
காசு வாங்கும்போது
இரண்டு கிண்ணம் தண்ணீர் வை என்றான்,
தெரியாதா எனக்கு?
முதல் வருஷம்
உலோகம் கழுவிய தண்ணீரிலேயே பிரஷை நனைத்து
முகங்கள் தீட்டினேன்.
பன்னிரண்டு பேருக்கு
மீன் செதில் கன்னம்.

அதிகாலை நான்கு மணிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
இரும்பு எப்படி இருக்கும் என்று
என் வண்டியின் அலகு காட்டியிருக்கிறது:
தார்ச்சாலையில் உரசும் விளிம்பு மட்டும் பளீரென்று,
ஒரு சாண் மேலே பழுப்பு,
நடுவில் பெயர் தெரியாத ஊதா.
ஆகவே முதலில் முழுக்கக் கறுப்பு,
காய்ந்ததும் குழல் நிறம்,
இடுக்குகளில் நீர்த்த பழுப்பு.
பிறகு முழங்கை, முட்டி,
வார் உரசும் தோள்,
அங்கே மட்டும் கொஞ்சம் வெள்ளி,
பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்து
இனி ஒன்றும் வராது என்றானபின் வருகிற அளவு.

ஹால்வார்டுக்கு இதெல்லாம் ஏமாற்று.
மினுக்குத் தூள் ஒரு பொட்டுகூட அவன் வீட்டில் கிடையாது.
சாம்பல், நீலச் சாம்பல், வெண்மை,
ஊசிமுனையில் ஓர் ஒளிப்புள்ளி,
இரும்பு ஆயிற்று.
"என்னுடையது எந்த விளக்கிலும் மின்னும்."
மின்னும்தான்.
கையில் எடுத்துத் திருப்பினால்
ஒளி கூடத் திரும்பாது,
புகைப்படத்துக்கு நிற்கிறவன் சிரிப்பு மாதிரி.
இருந்தும் அவன் கொடுத்த ஒரு வில்லாளியை
என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மிச்சம் தலைவனின் மார்புக் கவசம்.
அது பொன்னாக வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம்.
கரண்டியின் முதுகில் ஏழு கோடுகள் இழுத்தேன்:
செம்பு சார்ந்தது, எலுமிச்சை சார்ந்தது,
தேன், துரு, சர்ச் மணி,
ஒன்று சாக்லேட் காகிதமேதான்.
சமையலறை விளக்கின் கீழ் மூன்று இரவு.
ஐந்தாவது கோட்டுக்கு மனம் விழுந்தது.
அடித்தேன். வார்னிஷும் அடித்துவிட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.
ஊரே தெருவில் நின்று ஜாம் வைத்த பன் தின்றுகொண்டிருந்தது.
இரவு முழுக்க ஓட்டிவிட்டு நான் தூக்கத்தில்.
கண்ணிமையில் ஏதோ பட்டது.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
விரற்கடை அகலத்தில் உள்ளே வந்து
அலமாரியின் இரண்டாம் தட்டில் ஏறியது.
முப்பத்தாறு பேரும் சரி.
தோளில் தொடங்கி அடுத்தவன் முட்டிக்குத் தாவி
வரிசையோடு ஓடியது.
தலைவனிடம் வந்ததும்
மார்பு பச்சை.
குளத்து நீர்ப் பச்சை.
வில்லாளி பாட்டுக்கு
வேறெந்தச் சூரியனுக்கோ மின்னிக்கொண்டிருந்தான்,
இடப்பக்கம்.

போன் அடித்தது. ஹால்வார்ட்.
"ஈங்குன், பார்த்தாயா?"
"பார்த்தேன். பச்சை."
"என்ன பச்சை?"
"தலைவன் மார்பு."
பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.
"நான் சூரியனைக் கேட்டேன்" என்றான்.

அதற்குள் அது நகர்ந்து
கறுப்பு மட்டும் அடித்திருந்த முரசின் மேல் நின்றது.
அதற்கு என்ன நிறம் என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.