இருபத்தெட்டு நாள்

பதினோரு வருடம்
ரோனாவிடம் தினமும் ஒரு வார்த்தை பேசினேன்.
பேசத்தான் வேண்டும், அது விதி.
மருந்துக்கடையின் பக்கவாட்டு அறை,
பிளாஸ்டிக் குவளையில் பச்சைத் திரவம்,
குடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர்,
பிறகு,
"ஏதாவது சொல்லு, இன்னிஸ்."
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுபோய்
வெளியே துப்பி விற்கவில்லை என்பதற்கு
வாய்ச்சொல்தான் சாட்சி.

"குளிர்" என்பேன்.
"ஆமாம், குளிர்தான்" என்பாள்.
ஃபிரேசர்பர்க்கில்
வருடத்துக்குப் பத்து மாதம் பொய்யாகாத வார்த்தை.
மிச்ச இரண்டு மாதம் "காற்று".

எந்த பஸ்ஸிலும்
நாளைக் காலை ஒன்பதரைக்குத் திரும்பிவிடுமா
என்று பார்த்துத்தான் ஏறுவேன்.
ஸ்கிப்பர் டியூதி ஒருமுறை கூப்பிட்டார்:
"பத்து நாள் கடல், வர்றியா?"
சிரித்து மழுப்பினேன்.
மீன் வெட்டும் கொட்டகையிலேயே தங்கிப்போனேன்,
கடலை வாடையாக மட்டும் அறிந்தவனாக.
லெர்விக்கில் பேரன் பிறந்தான்.
ராத்திரி முழுக்கக் கப்பல்.
ஏன் வரவில்லை என்று மகள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மார்ச்சில் மாற்றினார்கள்.
பச்சையைக் குறைத்துக் குறைத்து
இரண்டு நாள் பல் கிட்டி நடுங்கி
ஒரு வாரம் நாக்கடியில் வேறு மாத்திரை,
அப்புறம் நர்ஸ் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து
ஊசி இறக்கினாள்.
எரிந்தது.
"அடுத்தது ஏப்ரலில்" என்றாள்,
மின்சாரக் கட்டணத்துக்குத் தவணை சொல்வதுபோல.

தினக்கூலி நான்.
திடீரென்று மாதச் சம்பளம் என்றால்
கை சும்மா இருக்குமா?
முதல் வாரம் முழுக்க
ஒன்பதேகாலுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு
வாசலில் நின்றேன்.
சட்டைக்குள் விரல்விட்டு
தோலடிப் பட்டாணியைத் தொட்டுப் பார்ப்பேன்,
இருக்கிறதா, கரைந்துவிட்டதா.
அன்றைக்கு யாரிடமும்
குளிர் என்று சொல்லவில்லை என்பது
சாயங்காலம்தான் உறைக்கும்.

வில்லி டெய்ட் மாற மாட்டேன் என்றுவிட்டான்.
"அந்த ஒரு நடையும் இல்லையென்றால்
கட்டிலைவிட்டு ஏன் எழுவேன்?"
என்னிடம் பதில் இல்லை.
இன்றைக்கும் இல்லை.

பதினாறாம் நாள்
முன்வாசல் வழியாகக் கடைக்குள் போனேன்.
ஷாம்பு வாங்க வந்தவர்களோடு வரிசையில்.
என்னைக் கண்டதும் ரோனாவின் கை
பழக்கத்தில் அலமாரிச் சாவிக்குப் போய்
பாதியில் நின்றது.
"என்ன வேண்டும்?"

பதினோரு வருடத்தில்
அவள் அதைக் கேட்டதே இல்லை.

"கப்பல் குமட்டலுக்கு மாத்திரை."
"துறைமுகத்தில் பிறந்தவனுக்கா!"
சத்தமாகவே சிரித்தாள்.
போக ஒன்று, வர ஒன்று போதும் என்றேன்.
முழு அட்டையாகத்தான் விற்பார்களாம்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது,
காற்று என்று சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்யவில்லை.
அபர்டீன் விளக்குகள் மறைந்ததிலிருந்து
விடியும்வரை வாந்தி.
மகள் கதவைத் திறந்து
என் முகத்தைப் பார்த்து
பழைய நாளை நினைத்திருப்பாள்.
"கடல்" என்றேன்.
நம்பினாளா தெரியாது,
பையனைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.
அவன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான்,
காதை இழுத்தான், கஞ்சியைச் சட்டையில் துப்பினான்.
சுவர்க் கடிகாரத்தை ஏதேச்சையாகப் பார்த்தபோது
மணி பத்தேகால்.