பொரிகடலை இடம் மாறுகிறது

வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்ட்டில்
அந்த மின்னஞ்சல் வந்தது.
'உங்கள் சர்வர் குறித்துப் புகார்கள் வருகின்றன.
மாத இறுதிக்குள் காலி செய்யவும்.'
என்ன புகார், யார் கொடுத்தது,
ஒன்றும் இல்லை.
வீட்டுக்காரர் பாஷை எந்த தேசத்திலும்
ஒன்றுதான் போல.

நான் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
ஏழாம் தடம்.
ஃபாஸ்டேக் ஒட்டாத வண்டி வந்தால்
எண்ணைக் கையால் அடிக்க வேண்டும்.
எண், நேரம், அச்சு எத்தனை.
வண்டியைப் பார்க்க ஒரு கேமரா,
என்னைப் பார்க்க இன்னொன்று.
ராயக்கோட்டைத் தக்காளி முந்திப் போனதும்
ஓசூர் கம்பெனிப் பேருந்து பிந்திப் போனதும்
எங்கோ ஒரு வட்டில் இருக்கும்
நான் செத்த பிறகும்.

பொரிகடலை அப்படியில்லை.
(பெயர் கேட்ட பெட்டியில் எதை அடிப்பதென்று தெரியாமல்
நவ்ஷாத் தின்றுகொண்டிருந்ததை அடித்தோம்.)
முன்னால் நிற்பவரைத் தெரியும் அதற்கு,
அடுத்து நிற்பவரைத் தெரியும்.
எங்கே கிளம்பியது, எங்கே போய்ச் சேரும்
கேட்காது.
உறையைக் கிழிக்கும், உள்ளே இன்னொரு உறை,
நீட்டிவிடும்.

ஆளுக்கு முந்நூறு மாதம்.
நான், நவ்ஷாத், எலத்தகிரி ரோஸ்லின்.
ரோஸ்லின் ஒருமுறை கேட்டாள்:
'கெட்டவனும் இதுல போவானே?'
'போவான்' என்றேன்.
பிறகு மூவரும் பேசாமல் டீ குடித்தோம்.
அந்த மாதமும் அவள் பணம்தான் முதலில் வந்தது.

புது இடம் தேடப் பதினோரு நாள்.
ஒருவன் அளவில்லை என்றான்,
சிறிய எழுத்தில் அளவு இருந்தது.
ஒருவன் என்ன ஓட்டப்போகிறோம் என்றதும்
பதிலை நிறுத்திவிட்டான்.
ருமேனியாவிலிருந்து ஒரே வரி:
'ஓட்டலாம், வெளிவாசல் மட்டும் வேண்டாம்.'
நாங்கள் எப்போதும் நடுவில் நிற்பவர்கள்தான்.

பழையபேட்டையில் நவ்ஷாத் கடை மாடி,
என் வார விடுப்பு.
சட்டிபானை ஏற்றும் வேலை இல்லை இது.
எடுத்துவர வேண்டியது ஒரு சாவி,
நூறு பைட்டுக்கும் குறைவு.
அது இருந்தால் எந்த ஊரிலும் பொரிகடலை,
இல்லாவிட்டால் நேற்று முளைத்த ஏதோ ஒன்று.
ஆனால் ஒரே சாவியோடு
இரண்டு இடத்தில் விழித்திருக்கக் கூடாது.

பழையதை நிறுத்தச் சொன்னேன்.
உடனே நிற்காது.
புதிதாக யாரையும் ஏற்காமல்
உள்ளே இருப்பவர்களுக்கு
முப்பது வினாடி தரும்.
எவரோ ஒருவர்
பாதி வாக்கியத்தில் இருந்திருக்கலாம்.
எண்ணிக்கொண்டே இருந்தேன்,
இருபத்தொன்பதில் நவ்ஷாத் தும்மினான்.

அந்த வட்டை மூன்று முறை மேலெழுதி அழித்தோம்.

மூன்று நாற்பதுக்குப் புதிய இடத்தில் எழுந்தது.
பெயர் அதே. சாவி அதே.
வாசற்காவல் பட்டம் மட்டும் கூட வரவில்லை.
வேகத்தை மறுபடி அளப்பார்களாம், சில வாரம்.
புது ஊர் மளிகைக் கடையில்
கடன் கேட்பது மாதிரி.

மறுநாள் ஏழாம் தடம்.
டேக் இல்லாத கார் ஒன்று.
பின்னிருக்கையில் ஒரு பெண்,
மடியில் துணிப்பை,
கேமரா பக்கம் திரும்பவே இல்லை.
எண்ணை அடித்தேன்.
நேரத்தை அடித்தேன்.
சம்பளம் அதற்குத்தான்.

இடைவேளையில் போனைத் திறந்தேன்.
கடந்த ஒரு மணி நேரத்தில்
பொரிகடலை வழியாகப் போனது
பதினொரு கிலோபைட்.
யாரென்று கேட்காமல்
கேட்டைத் தூக்கியிருக்கிறது.

நவ்ஷாத் இன்னும் முந்நூறு அனுப்பவில்லை.