வருமானம் அல்லாதது

ஏழு மாத உதவித்தொகை
மொத்தமாக வந்திறங்கியது
மார்ச் இருபத்தேழு, மதியம்.
சுத்தமல்லி அணைக்கட்டில்
கெளுத்தி வாங்கிக்கொண்டிருந்தேன்,
குழம்புக்கு அல்ல, தலையைப் பிளக்க.
கொழகொழத்த விரலுக்குத் திரை திறக்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து மறுபடி தொட்டேன்.
இரண்டரை லட்சத்துச் சொச்சம்.

முதலில் கடன்.
மெஸ்ஸுக்கு, ஆவுடைத்தங்கத்துக்கு,
அபிஷேகப்பட்டியில் நகல் கடை வைத்திருக்கும்
ரசூல் மைதீனுக்கு.
"இருக்கட்டும் டாக்டரே" என்பான் எப்போதும்,
இன்னும் டாக்டராகாத என்னை.
கடன்காரியைக் கூப்பிட
மரியாதையாய் ஒரு பெயர் வேண்டுமே.

மிச்சத்தைப் பார்க்கப் பயமாயிருந்தது.
இவ்வளவு பணம் ஒரே நாளில் விழுந்தால்
வரி பிடிப்பார்களாம்.
ஆய்வகத்தில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள்.
வண்ணார்பேட்டை மாடியில் ஆடிட்டர் இல்லை,
அவரிடம் வேலை பார்க்கும் வேம்புராஜ்தான் இருந்தான்.
கடிதத்தை இரண்டு தரம் புரட்டினான்.
"இது படிப்புக்குள்ள துட்டு.
சட்டப்படி இது வருமானமே இல்லக்கா.
வரி கெடையாது, நிம்மதியாப் போங்க."
ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

சந்தோஷம் ஆறு படி வரை கூட இறங்கியது.
ஏழாவது படியில் நின்றேன்.

வருமானமே இல்லை.
பேட்டையில் வீடு கேட்டபோது
வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார்.
ஸ்கூட்டிக் கடனுக்குப் போன வங்கியில்
இதையே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.
பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு சித்தப்பா,
"மாசம் பொறந்தா வருமா,
வரும்போதுதான் வருமா?"
நான்கு வருடமாக அரிசி, வாடகை,
பஸ் பாஸ், அம்மாவின் இன்சுலின்
எல்லாம் எதை வைத்து வாங்கினேன்?
அரசே,
நீ கொஞ்சம் வரி கேட்டிருக்கலாம்.
ஒரு நூறு ரூபாய்.
ரசீதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பேன்.

வேம்புராஜ் இன்னொன்றும் சொன்னான்.
கணக்கில் சும்மா கிடந்த பணம்
போட்ட குட்டி இருக்கிறதே,
வட்டி, நானூற்றுப் பதினாறு ரூபாய்,
அது மட்டும் வருமானமாம்.

முப்பத்தொன்றாம் தேதி
பாளையங்கோட்டைத் தபால் நிலையம்.
பதினைந்து வருடம் பூட்டிவைக்கும் சேமநிதிக் கணக்கு.
எஸ்தர் ஜெபக்கனி என்று பெயர் குத்தியிருந்தவர்
கடிகாரத்தைப் பார்த்தார்.
"இன்னைக்குப் போட்டா இந்த வருசமும் கணக்குல ஏறிரும்.
நாளைக்குன்னா ஒரு வருசம் தள்ளிரும், சீக்கிரம் எழுதுங்க."
தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
முப்பத்து மூன்று வயதில்
மாணவி என்று எழுதக் கை வரவில்லை.
அவரே படிவத்தைத் திருப்பி
'இதர' என்பதில் டிக் அடித்தார்.
எதிலிருந்து நான் ஓய்வு பெறப் போகிறேன் என்று
நல்லவேளை அதில் கேட்கவில்லை.

வாரிசு: அம்மா. வயது அறுபத்தொன்று.
கணக்கு முதிரும்போது எனக்கு நாற்பத்தெட்டு,
அவளுக்கு எழுபத்தாறு.
எழுதி முடித்த பின்தான் கூட்டிப் பார்த்தேன்.
எஸ்தரும் கூட்டியிருக்க வேண்டும்.
"பொறவு ஆளு மாத்திக்கிடலாம்" என்றார் மெதுவாக.
இரண்டாயிரம் கட்டினேன்.
இன்னும் ஈரம் காயாத முத்திரையோடு
ஒரு மெல்லிய புத்தகம்.

ராத்திரி ஆய்வகத்தில்
கெளுத்தியின் செவிக்கல்லைத் தேய்த்தேன்.
நொய்யரிசி அளவு, அதற்குள் வளையங்கள்,
வருடத்துக்கு ஒன்று.
தாமிரபரணி புரண்டு வந்த வருடம் தடிப்பாய்.
அணைக்குக் கீழே பாறை தெரிந்த வருடம்
மயிரிழையாய்.
கொடுத்ததையும் கொடுக்காததையும்
மீன் அப்படியே பதிந்து வைத்திருக்கிறது.
எது வருமானம், எது இல்லை என்று
அது பிரிக்கவில்லை.

ஏப்ரல் ஒன்று.
அடுத்த தவணை எப்போது என்று அலுவலகத்தில் கேட்டேன்.
"வரும்" என்றார்கள்.
குறிப்பேட்டைத் திறந்து
மாதிரி எண் நூற்றுப் பதினெட்டு,
வயது நான்கு என்று எழுதினேன்.
விளிம்பில் ஐந்தாவதாக ஒன்று,
வளையமா, நான் தேய்த்ததில் விழுந்த கீறலா,
தெரியவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
விளக்கை அணைத்தேன்.