இருபத்துமூணாம் எபிசோடில் ஒரு வெளிச்சம்

முதலில் அந்த முகத்தைச் சொல்லிவிடுகிறேன்.
யட்சியின் கன்னத்தில் உரிந்து தொங்கும் தோல்
எங்கள் ரப்பர் பால்.
குலசேகரத்துக்கு மேலே, நான் வெட்டும் தோட்டத்தில்
முன்னூற்றுப் பதினாலாம் மரம், ஒரு சிரட்டை நிறைய.
பம்பாயிலிருந்து வரவேண்டிய பொருள் வரவில்லையென்று
மேக்கப் சபாபதி என் வாளிக்குக் கை நீட்டினார்.
அமோனியா நெடியில் மதுவந்தி மேடத்துக்குக் கண் நிறைந்தது.
ஆவியின் ஆறாத துயரம் என்று
அதைத்தான் பத்திரிகையில் எழுதினார்கள்.

அப்புறம் மந்திரம்.
மந்திரவாதியாக வந்தவருக்கு வசனம் மறந்துபோயிற்று.
ஜெனரேட்டர் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.
வேன் ஓட்டிய ரசல்ராஜ் காதில் ஓதிக்கொடுத்தான்:
குலசேகரா திருவட்டாறா வேர்கிளம்பா
அழகியமண்டபா தக்கலா வில்லுக்குறீ
ஓம்.
மதுரை நடுங்கியது.
சேலத்தில் யாரோ விளக்கேற்றி வைத்தார்களாம்.
எங்கள் ஜில்லா மட்டும்
சுங்கான்கடையை விட்டுட்டானே பாவி என்றது.

தானாக ஆடும் நாற்காலி
குளச்சலில் வாங்கிய தூண்டில் நரம்பு.
கதையில் நாலு வருடம் கடந்தது;
சுவர்க் காலண்டரில் அதே ஆகஸ்ட்,
அதே கூட்டுறவு வங்கி.
பேய்க்காரின் நம்பர்
இயக்குநரின் வெளிவராத படம் வெளிவரவேண்டிய தேதி.
அந்த வருடம் கல்யாண ஃபிளெக்ஸ்களில்
மாப்பிள்ளைக்குப் பின்னால் யட்சி நின்றாள்.
எங்கள் போதகர் பிரசங்கத்தில் தொடரைக் கண்டித்தார்,
எபிசோட் எண்ணைச் சரியாகச் சொல்லி.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.
தெரியாதது ஒன்று உண்டு.

இருபத்துமூணாம் எபிசோடில்
கதாநாயகன் ஜன்னலைத் திறக்கிறான்.
தூரத்தில் மரங்களுக்கிடையே ஒரு வெளிச்சம்,
நிற்கிறது, குனிகிறது,
அடுத்த மரத்துக்குப் போகிறது, மறுபடி குனிகிறது.
என்ன கிராபிக்ஸ் என்று கொண்டாடினார்கள்.
கிராபிக்ஸுக்கு ஒரு விருதும் வந்தது.

மணி மூன்றேகால்.
ஷூட்டிங் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.
நெற்றி லைட்டோடு
நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன்.
எப்சி டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.
"ஓமா, ஒம்ம நடுவு வலிக்கப்பட்ட நடைதான்.
மூணு மரத்துக்கு ஒருக்க நிமுந்து நிக்குதீரு பாரும்."
மனைவியைத் தவிர
எந்த ரசிகனும் கண்டுபிடிக்காத தகவல் அது.

கடைசி நாள் மதுவந்தி மேடம் கேட்டார்:
தினமும் இந்த இருட்டில் தனியாகவா? பயமில்லையா?
"பேயி இருந்தாலும் பேச்சுத்துணைக்கு ஆச்சே" என்றேன்.
சிரித்தார். சிரித்ததில்
கன்னத்துப் பால் ஒரு ஓரம் விட்டது.

தொடர் முடிந்து இரண்டு மழை போயிற்று.
போன வாரம் ரோட்டில் ஒரு பைக் நின்றது.
இரண்டு பயல்கள், கையில் போன்.
"லேய், இருபத்துமூணு! அதே லைட்டுல!"
"மக்கா, நான் வில்பிரட்டாக்கும்" என்று கூவினேன்.
தொடரில் யட்சி அப்படித்தான் கூப்பிடுவாள்,
தெரிந்த ஆளின் குரலில்.
பைக் ஆற்றூர் வளைவுவரை அலறிக்கொண்டு போயிற்று.

பாவம், இன்னும் திரும்பிப் பார்த்து
எங்காவது விழுந்து தொலைப்பான்களே என்று
லைட்டை அணைத்தேன்.

தவளையும் நின்றுபோன ஒரு நிமிஷம்.
சிரட்டையில் சொட்டு விழுந்தது.
பின்னால் யாரோ மெதுவாக
வில்பிரட் என்றது போலிருந்தது.

திரும்பக்கூடாது என்பது அவர்கள் எழுதிய விதி.
அதை டைப் அடித்த பையனை எனக்குத் தெரியும்,
அவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

ஆனாலும் நான் திரும்பவில்லை.
லைட்டைப் போட்டுக்கொண்டு
அடுத்த மரத்துக்குக் குனிந்தேன்.