கட்டிங்

நூறு ரூபாய் வந்தால்
பத்தைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள்.
மீதித் தொண்ணூறில் பதினைந்தை
அன்றிரவே எடுத்து
செம்பூர் கூட்டுறவு வங்கியின்
இன்னொரு கணக்கில் போட்டுவிடுவேன்.
அதற்கு அட்டை வாங்கவில்லை.
கைப்பேசியில் அந்தக் கணக்குக்குப் பெயர்
'அவர்'.

சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு.
கொரியாவில் ஒருத்தி மூச்சுவிடாமல் திட்டுவாள்,
நான் அதை இரண்டே வரிக்குள்,
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துக்குள்
அடக்கித் தரவேண்டும்.
வெட்டியது போக மிஞ்சுவதுதான் வசனம் என்று
பழகிவிட்டது.
ஆகவே வெட்டைப் பற்றி எனக்குப் புகாரில்லை.
தேதிகளைப் பற்றித்தான்.

ஜூன் பதினைந்து, செப்டம்பர் பதினைந்து,
டிசம்பர், மார்ச்.
மாதச் சம்பளக்காரர்களுக்கு
இவை வெறும் பதினைந்துகள்.
எனக்கு வருஷத்துக்கு நான்கு திதி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
ஆறு எப்போது வரும் என்று சொல்லவில்லை.
மித்தி ஆறாவது ஜூலையில்
குர்லா வீடுகளுக்குள் தானாக நுழைகிறது.
ஆகஸ்டில் நான் அனுப்பிய பில்லுக்கு
'பிராசஸில் இருக்கிறது' என்று
மூன்றாம் தடவையாக ஒரு பெண் எழுதினாள்,
பெயருக்குப் பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை.

நவம்பரில் கடைவாய்ப்பல் சீழ் வைத்தது.
வேர் சிகிச்சை, மேலே ஒரு தொப்பி, மாத்திரை,
பதினான்காயிரம்.
இரவு ஒன்றேகாலுக்கு
தாடையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனேன்.
ஒன்றும் கேட்கவில்லை அவர்.
கடன் கொடுப்பவர்களில்
இத்தனை மௌனமான ஆளை நான் பார்த்ததில்லை.
டைரியில் எழுதினேன்:
'அவருக்கு நான் தரவேண்டியது 14,000.'
கீழே கையெழுத்து.
சாட்சிக்கு ஆளில்லை,
பல் இருந்தது.

டிசம்பர் பதினைந்து.
பில் வரவில்லை.
குறைத்துத்தான் கட்ட முடிந்தது.
குறைந்ததற்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி என்று
ஆடிட்டர் நீரஜா கர்வே
வானிலை அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னார்.
படியிறங்கி வந்து
ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டிங் வாங்கினேன்.
அரை கிளாஸ் டீ, முழு கிளாஸ் சூடு.
எங்கள் திருநெல்வேலியில்
அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.
அதற்கும் அன்று ஆசைதான்,
பல் டாக்டர் வேண்டாமென்றிருந்தார்.

ஜனவரி கடைசியில் பணம் வந்தது,
பெண்ணிடமிருந்து இரண்டு பொம்மைகள்.
அவருக்குத் தரவேண்டியதைத் தந்து
டைரியில் கோடு போட்டு அடித்தேன்.

மார்ச்சில் கர்வே கணினியை என் பக்கம் திருப்பினார்.
பிடித்த பத்துகளைக் கூட்டி,
செலவைக் கழித்து,
வட்டியும் சேர்த்துக் கட்டிய பிறகு
அவரிடம் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது
மீதியிருந்தது.
"கூடுதலாக ஒதுக்கிவிட்டீர்கள்.
இது உங்களுடையது."

என்னுடையது என்றால்?
ஒரு வருஷம் வேறொருவர் பெயரில்
என் வீட்டிலேயே இருந்து
என் இருமலையெல்லாம் கேட்ட பணம்.
புது மின்விசிறி என்று நினைத்தேன்.
மழைக்கு முன்னால் நல்ல செருப்பு.
பத்து முறை திறந்து பார்த்தேன்,
எடுக்க விரல் வரவில்லை.
விருந்தாளியின் பையில் கைவிடுவது போல.

நேற்று ஒரு படம்.
ரயில் மேடையில் நின்றுகொண்டு ஒருவன்
இனி நமக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை
என்பதை ஒன்றரை நிமிடம் அழுது சொல்கிறான்.
நான் போட்டது:
'கணக்கு தீர்ந்தது.'
இடைவெளியோடு பத்து எழுத்து.
மீதி முப்பத்திரண்டுக்கும் இடமிருந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.