இரண்டு நிறுத்தம் முன்னால்

குத்தைசியில் மழை.
கடைசி மினிபஸ்ஸில் நின்றபடி வருகிறாள் சிரா.
விரல்களில் இன்னும் வெள்ளை டேப்,
பைக்குள் ஈரக் காலுறையோடு சுருண்ட வெண்கலம்.

அரையிறுதி ஒன்பது நொடி.
அவசரப்பட்டுக் காலரைப் பிடித்தாள்,
கூரை தெரிந்தது.

எதிரே ஒருவன். திராட்சைச் சாராய நெடி.
முதலில் அவளுடைய நசுங்கிய காதைச் சொன்னான்,
பிறகு அம்மாவை இழுத்தான்.
பஸ் முழுக்க ஜன்னலைப் பார்த்தது.

நல்ல கம்பளிக் கோட்டு, அகலமான காலர்,
பாரமெல்லாம் இடது காலில்.
வளைவில் அந்தக் கால் ஒரு கணம் இலேசாகும்.
அவளுக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியாது, பாவி.

கீழே தகரம்.
விழக் கற்காதவனின் பின்மண்டை
எந்த இருக்கை முனையில் போய் முட்டும் என்பதையும்
கண் அளந்து முடித்திருந்தது.

"இங்கேயே நிறுத்துங்க."

ரியோனிப் பாலத்தில் நனைந்து நடந்தாள்.
பாதிப் பாலத்தில்தான்
அவனுக்கேற்ற பதில் வந்தது.
ஆற்றிடம் சொன்னாள், சத்தமாக,
இரண்டு தரம்.

வீட்டில் வெள்ளரி ஊறுகாய் பாட்டில்
எவ்வளவு திருகியும் அசையவில்லை.
விரல்கள் மடங்க மறுத்தன.
பக்கத்து வீட்டு ஓத்தார், ஒன்பது வயது,
ஒரே திருகில் திறந்தான்.
"நீயா ஜூடோ?" என்று கேட்டுவிட்டு
ஒரு வெள்ளரியை எடுத்துக்கொண்டு போனான்.